நிர்ப்பந்தம் நீங்கிய பின்னர்

போர் மூண்டால் ஆண்கள் புறப்படுகிறார்கள். அவர்கள் விட்டுச் சென்ற வேலைகளைப் பெண்கள் கையில் எடுக்கிறார்கள். உலகின் பல நாடுகளில் இது நடந்திருக்கிறது. நடந்த வேளையில் அதை யாரும் பெரிதாக மறுத்ததில்லை. மறுத்துக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் இருந்ததுமில்லை. வழக்கு எழுவதெல்லாம் போர் ஓய்ந்த பிறகுதான். பீரங்கி முழக்கம் அடங்கியதும், "இனி நீங்கள் வீட்டுக்குப் போகலாம்" என்ற குரல் எழுகிறது. அக்குரல் நியாயமானதுதானா? நெருக்கடியில் ஒரு பெண் ஏற்றுச் செய்த வேலை, நெருக்கடி தீர்ந்ததும் அவளுக்குத் தகாத வேலையாகிவிடுமா? மார்க்கத்தின் பெயரால் அவ்வாறு சொல்ல இடமுண்டா? இவற்றையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

கடல் கடந்து வந்த போர்

திருச்சுழியும் அருப்புக்கோட்டையும் அடங்கிய வானம் பார்த்த சீமை நம்முடையது. கரிசலில் பருத்தியும் மிளகாயும் மல்லியும் மழையை நம்பியே விளைகின்றன. குண்டாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணலைத்தான் காணலாம். இச்சீமைக்கும் போருக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். உறவு உண்டு. இச்சீமையும், இதற்குக் கிழக்கே கடல்வரை விரிந்து கிடந்த பழைய இராமநாதபுரம் மாவட்டமும் பல தலைமுறைகளாகத் தம் ஆண்மக்களை இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் அனுப்பி வந்தவை. 'சபர்' என்ற அரபுச் சொல்லுக்கு அகராதியில் பயணம் என்று பொருள். நம் இல்லங்களிலோ அதற்குப் பிரிவு என்றும் பிழைப்பு என்றும் பொருள் சேர்ந்துவிட்டது.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படைகள் மலாயாவில் இறங்கின. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அடுத்த மாதம் 8ஆம் நாள் இரங்கூன் வீழ்ந்தது. அன்றோடு கடிதமும் நின்றது, பணமும் நின்றது. 1945வரை, கடலுக்கு அப்பால் உள்ளவர் உயிரோடு இருக்கிறாரா என்பதுகூடத் தெரியாமல் காத்திருந்த குடும்பங்கள் ஏராளம். நம் பக்கத்தில் குண்டு விழவில்லை. போர் நமக்கு வராத மணியார்டராக வந்தது. அக்காலத்தில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுக் கணக்குப் பார்த்தவளும், கடன் கொடுத்தவனுக்கு மறுமொழி சொன்னவளும், பிள்ளைகளின் பசிக்கு வழி தேடியவளும் பெண்ணே.

அரை நூற்றாண்டு கழித்து இதே நிலை மீண்டும் வந்தது. 1990 ஆகஸ்டு 2ஆம் நாள் ஈராக்கியப் படை குவைத்துக்குள் புகுந்தது. அங்கே சிக்கிய இந்தியர்களில் ஏறத்தாழ 1,70,000 பேர் பெரும்பாலும் ஜோர்தானின் அம்மான் நகர் வழியாக விமானங்களில் தாயகம் கொண்டுவரப்பட்டனர். சேமிப்பையெல்லாம் பாலைவனத்தில் விட்டுவிட்டு, கையில் ஒரு பெட்டியோடு கணவன் வந்து இறங்கிய வீட்டில், தையல் இயந்திரத்தின் சத்தம் அதன் பிறகு இரவிலும் ஓயாததில் வியப்பில்லை.

கடலுக்கு அப்பால் இருந்தவர்களின் நிலையோ இதனினும் கொடியது. சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீள இருப்புப் பாதையை ஜப்பானியர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் அமைத்தனர். அதற்காக மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் ஆசை காட்டியும் பலவந்தமாகவும் கொண்டுசெல்லப்பட்டனர். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் மாண்டவர் மிகப் பலர். அரிசி வரத்து அற்றுப்போன தோட்டங்களில் மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. ஆண் துணை இழந்த பெண்கள் மண்ணைக் கொத்திக் கிழங்கு நட்டுப் பிள்ளைகளைக் காத்தனர்.

இந்நிலையில் 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். இந்திய தேசிய இராணுவத்தில் பெண்களுக்கென ஒரு பிரிவு வேண்டும் என்றார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938இல் பட்டம் பெற்று, சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்து வந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் அதன் தலைமையை ஏற்றார். அக்டோபர் 22ஆம் நாள் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. சேர்ந்தவர்களில் தமிழ்ப் பெண்கள் மிகுதி. அவர்களில் பலர் பால்வெட்டிப் பிழைத்த தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள். எந்த நாட்டின் விடுதலைக்காகப் புறப்பட்டார்களோ அந்த நாட்டைக் கண்ணால் கண்டிராதவர்களும் அவர்களில் இருந்தனர். துப்பாக்கி சுடவும் அணிவகுக்கவும் காயம்பட்டோரைப் பேணவும் பயின்றனர். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர் இருபது வயதை எட்டும் முன்பே பர்மா சென்ற அணியில் பொறுப்பேற்றார். 1945 ஏப்ரலில் படை பின்வாங்கியபோது இரங்கூனிலிருந்து நெடுந்தொலைவை இப்பெண்கள் குண்டு வீச்சுக்கிடையே நடந்தே கடந்தனர்.

அதே 1943ஆம் ஆண்டு, எதிர்த்தரப்பில், ஒரு முஸ்லிம் பெண்மணியும் இத்தகைய பணியை ஏற்றார். திப்பு சுல்தானின் வழித்தோன்றலான சூபி ஞானி ஹஸ்ரத் இனாயத் கானின் மகள் நூர் இனாயத் கான் அவர். ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சுக்குள் இரகசிய வானொலிச் செய்தியாளராகப் பிரிட்டன் அனுப்பிய முதல் பெண் அவரே. அதுவரை அப்பணிக்கு அங்கே ஆண்களையே அனுப்பி வந்தனர். அக்டோபரில் பிடிபட்டார். 1944 செப்டம்பர் 13ஆம் நாள் டாஹாவ் முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1949இல் அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது. தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணும் சூபி இல்லத்துப் பெண்ணும் எதிரெதிர் அணிகளில் நின்றவர்கள். அவரவர் அரசியலை எடைபோடுவது இங்கே நம் நோக்கமன்று. ஆணுக்குரியது என்று உலகம் ஒதுக்கி வைத்திருந்த வேலையை இருவரும் குறைவின்றிச் செய்தார்கள் என்பதே நாம் கருதத்தக்கது.

திருப்பி அனுப்பும் சட்டம்

போர் முடிந்தது. ஜான்சி ராணிப் படை கலைந்தது. பெயர் விளங்கிய சிலரை மட்டும் வரலாறு நினைவில் வைத்தது. டாக்டர் லட்சுமி, லட்சுமி சாகல் என்ற பெயரில் கான்பூரில் முதிய வயதுவரை மருத்துவம் பார்த்தார். 2002இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நம் இராமேசுவரத்து மைந்தர் டாக்டர் அப்துல் கலாமை எதிர்த்து நின்றவரும் அவரே. ஏனைய பெண்கள் வந்த வழியே திரும்பி, தோட்டத்திலும் வீட்டிலும் மறைந்து போயினர்.

மேலை நாடுகளில் இத்திருப்பம் சட்டமாகவே எழுதப்பட்டது. 1914இல் தொடங்கிய முதல் உலகப் போரில் பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளைப் பெண்கள் நடத்தினர். மருந்துத் தூள் பட்டுத் தோல் மஞ்சளாகும்வரை உழைத்தனர். 1918 ஆகஸ்டில் இலண்டன் பேருந்துகளில் பணிபுரிந்த பெண்கள், ஆண்களுக்குக் கொடுத்த போனஸ் தமக்கும் வேண்டும் என்று வேலைநிறுத்தம் செய்து வென்றனர். அடுத்த ஆண்டே, போருக்கு முந்திய வழக்கங்களை மீண்டும் நிலைநாட்டும் சட்டம் ஒன்றைப் பாராளுமன்றம் இயற்றியது. போர்க்காலத்தில் தளர்த்தப்பட்ட பழைய தொழில் ஏற்பாடுகளுக்கு முதலாளிகள் திரும்ப வேண்டும் என்பது அதன் கருத்து. தொழிற்சங்கங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காக்கவே அச்சட்டம் வந்தது என்பது உண்மை. ஆயினும் நடந்தது என்ன? பெண் செய்த வேலையில் குறை காண முடியாத நிலையில், 'வழக்கம்' என்ற ஒரு சொல் அவளை வாயிலுக்கு வெளியே கொண்டுபோய் விட்டது.

இச்சொல்லை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம். நம்முடைய விவாதமும் இதன் மீதே சுழல்கிறது.

விலக்கமா, வழக்கமா?

பெண்ணைத் திருப்பி அனுப்ப விரும்புகிற நம்மவர்கள் ஃபிக்ஹுச் சட்ட விதி ஒன்றை எடுத்துக் காட்டுவதுண்டு. நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதையும் ஆகுமாக்கும் என்பது அவ்விதி. நிர்ப்பந்தத்தால் ஆகுமானது நிர்ப்பந்தத்தின் அளவோடு நின்றுவிடும் என்பது அதன் துணைவிதி. பசியால் உயிர் போகும் நிலையில் உள்ளவன் செத்த பிராணியின் இறைச்சியை உண்ணலாம். உயிர் தரிக்கும் அளவுக்கே உண்ணலாம். வேறு உணவு கிட்டியதும் கையைக் கழுவிவிட வேண்டும். இதை வைத்து அவர்கள் சொல்வதாவது: போர்க்காலத்தில் பெண் கடை நடத்தியதும் ஆலையில் உழைத்ததும் நிர்ப்பந்தத்தால் ஆகுமானவை, நிர்ப்பந்தம் நீங்கியது, ஆகவே அனுமதியும் நீங்கியது.

விதி சரியானது. அதை இங்கே பொருத்தியதுதான் சரியன்று. இவ்விதி ஹராமான ஒன்றைப் பற்றியது. செத்த பிராணியின் இறைச்சி திருமறையால் விலக்கப்பட்டது. ஆகவே அதை உண்ண நிர்ப்பந்தம் என்ற திறவுகோல் வேண்டியிருக்கிறது. கடை நடத்துவதும் கணக்கெழுதுவதும் நிலம் உழுவதும் வண்டி ஓட்டுவதும் பெண்ணுக்கு எப்போது விலக்கப்பட்டன? விலக்கப்படாத பொருள்களின் இயல்பு நிலை ஆகுமென்பதே என்பதும் அதே ஃபிக்ஹு நூல்களில் கற்பிக்கப்படும் விதியல்லவா? பூட்டே இல்லாத கதவுக்குத் திறவுகோல் தேடுவானேன்?

நம் நாட்டுப்புறத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் நாற்று நடலாம், களை பறிக்கலாம், பருத்தி எடுக்கலாம், விறகுச் சுமையும் தண்ணீர்க்குடமும் சுமந்து கல் தொலைவு நடக்கலாம். ஏர்க்கலப்பையின் மேழியை மட்டும் பிடிக்கலாகாது. உடல் வலிமை காரணமென்றால் விறகுச் சுமை இலேசானதா? நாணம் காரணமென்றால் களை பறிப்பவள் திறந்த வெளியில்தானே நிற்கிறாள்? இவ்விலக்குக்குத் திருமறையில் வசனமில்லை; நபிமொழியில் சான்றில்லை. முன்னோர் செய்தார்கள், நாமும் செய்கிறோம் என்பதற்கு மேல் அதற்கு வேர் கிடையாது.

வழக்கத்தையும் மார்க்கச் சட்டம் மதிக்கிறதே என்று ஆலிம் ஒருவர் கேட்கலாம். ஆம், மதிக்கிறது. வழக்கம் தீர்ப்புக்கு அடிப்படையாகலாம் என்பதும் சட்ட விதிதான். ஆனால் வழக்கத்தின் மீது எழுந்த தீர்ப்புகள் காலம் மாறும்போது மாறுவதை மறுப்பதற்கில்லை என்றும் நம் சட்ட அறிஞர்களே வகுத்து வைத்திருக்கிறார்கள். போர் வழக்கத்தை மாற்றிவிட்டதென்றால், மாறிய வழக்கத்தையும் எடைபோட்டுத்தான் பேச வேண்டும். பழைய வழக்கத்துக்கு மட்டும் மார்க்கத்தின் முத்திரையைக் குத்துவது, அல்லாஹ் விலக்காத ஒன்றை விலக்கியதாகச் சொல்வதில் கொண்டுபோய் விடும். ஹலாலை ஹராமாக்குவது ஹராமை ஹலாலாக்குவதைப் போன்றே பெரும் துணிச்சலாகும்.

மதீனாவில் நடந்தது

இது நம் ஊகமா, அல்லது பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்தில் இதற்கு ஆதாரம் உண்டா? உண்டு.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு உஹதுப் போர் நடந்தது. நுஸைபா என்னும் உம்மு உமாரா (ரலி) அவர்கள் தோற்பையில் தண்ணீர் சுமந்து போர்க்களம் சென்றார்கள். முஸ்லிம்களின் அணி சிதறியபோது தண்ணீர்ப் பையை விட்டுவிட்டு வாளை எடுத்தார்கள். அண்ணலாரை நோக்கி வந்த வெட்டுகளைத் தடுத்துத் தம் தோளில் ஆழ்ந்த காயம் ஏற்றார்கள். அன்றைய நிலை நிர்ப்பந்தம் என்பதில் ஐயமில்லை. உஹது முடிந்த பின் என்ன நேர்ந்தது? இனிமேல் களத்துக்கு வராதே என்று பெருமானார் (ஸல்) அவர்கள் சொல்லவில்லை, அவர்களைப் புகழ்ந்தார்கள். ஹுதைபிய்யாவிலும் ஹுனைனிலும் அவ்வம்மையார் இருந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பின் யமாமாப் போரில் தம் கரமொன்றையும் இழந்தார்கள். நிர்ப்பந்தம் நீங்கியதும் அனுமதி நீங்கும் என்பதே இங்குப் பொருந்தும் விதியானால், உஹதோடு அது நீங்கியிருக்க வேண்டுமல்லவா?

போரில்லாக் காலத்துக்கும் சான்றுகள் உள்ளன. ஜாபிர் (ரலி) அவர்களின் சிறிய தாயார் மணவிலக்குப் பெற்று இத்தாவில் இருந்தார்கள். தம் பேரீச்ச மரங்களில் கனி பறிக்க வெளியே புறப்பட்டபோது ஒருவர் அவர்களைக் கடிந்து தடுத்தார். வழக்கு அண்ணலாரிடம் சென்றது. சென்று பறித்துக்கொள்ளுமாறு அனுமதித்ததோடு, அதிலிருந்து தருமமோ வேறு நன்மையோ செய்யக்கூடுமே என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தார்கள். தடுத்தவர் வழக்கத்தின் வாயாகப் பேசினார். தீர்ப்பு அவர் பக்கம் வரவில்லை.

சித்தீக் நாயகத்தின் மகளார் அஸ்மா (ரலி) அவர்கள் தம் கணவர் ஸுபைர் (ரலி) அவர்களின் நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து நெடுவழி நடந்ததையும், குதிரைக்குத் தீனி வைத்ததையும் ஹதீஸ் நூல்கள் பதிந்துள்ளன. வழியில் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், பெண்ணுக்கு இவ்வேலை எதற்கு என்று கேட்கவில்லை. தம் ஒட்டகத்தை மண்டியிடச் செய்து ஏறிக்கொள்ளச் சொன்னார்கள். பின்னொரு நாள் தந்தை ஒரு பணியாளை அனுப்பியபோது அஸ்மா (ரலி) அவர்கள் விடுதலை பெற்றாற்போல் மகிழ்ந்தார்கள் என்பதும் உண்மையே. அந்த மகிழ்ச்சியையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. சுமை சுமைதான்.

மத்யன் கிணற்றடி

திருமறையின் கஸஸ் அத்தியாயத்தில் வரும் மத்யன் நிகழ்ச்சி இவ்விவாதத்துக்கே உரியதுபோல் அமைந்திருக்கிறது. தண்ணீரின் அருமை தெரிந்த நம் சீமையாருக்கு அக்காட்சியை விளக்க வேண்டியதில்லை. எகிப்தை விட்டு அகதியாக வந்த மூஸா (அலை) அவர்கள் ஒரு நீர்த்துறையை அடைகிறார்கள். மேய்ப்பர்கள் கூட்டமாகத் தம் மந்தைகளுக்கு நீர் காட்டுகிறார்கள். ஒதுங்கி நின்று தம் ஆடுகளைத் தடுத்துப் பிடித்திருக்கும் இரு பெண்களைக் காண்கிறார்கள். உங்கள் நிலை என்ன என்று விசாரிக்கிறார்கள். மேய்ப்பர்கள் விலகும்வரை நாங்கள் நீர் காட்ட முடியாது, எங்கள் தந்தையோ மிக முதியவர் என்று அவர்கள் விடை கூறுகிறார்கள். மூஸா (அலை) அவர்கள் நீர் இறைத்துக் கொடுத்துவிட்டு நிழலுக்குப் போய்விடுகிறார்கள்.

மூஸா (அலை) அவர்கள் கேட்டதையும் கேட்காததையும் கவனியுங்கள். நிலை என்ன என்று கேட்டார்கள். பெண்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கவில்லை. மகள்களை வெளியே அனுப்பிய தந்தையைப் பழிக்கவுமில்லை. பின்னர் அப்பெண்களில் ஒருத்தி அழைக்க வந்தபோது நாணத்தோடு நடந்து வந்தாள் என்று திருமறை சிறப்பித்துச் சொல்கிறது. நாள்தோறும் மந்தை மேய்த்த பெண்ணே அவள். வெளிவேலை செய்பவளிடம் நாணம் தங்காது என்பாருக்கு இவ்வொரு சொல்லே போதும்.

இங்கே நம்மை எதிர்த்து வாதிடுவோர் ஒரு வலுவான கேள்வியை எழுப்பலாம். ஆண் ஒருவர் கிடைத்ததும் அப்பெண்களின் வேலை முடிந்துவிட்டதே. அவரைப் பணியில் அமர்த்திக்கொள்ளுங்கள் என்றுதானே மகள் தந்தையிடம் சொன்னாள். அப்படியானால் ஆண் திரும்பியதும் பெண் விலகுவதுதானே முறை என்பது அக்கேள்வி. ஆம், அவள் விலகினாள் என்றே கொள்வோம். ஆனால் அதைச் சொன்னது யார்? அவளே சொன்னாள். தந்தை ஆணையிடவில்லை, மேய்ப்பர்கள் கூடித் தீர்மானம் போடவில்லை, மூஸா (அலை) அவர்கள் அவள் இடத்தைக் கேட்டு வாங்கவில்லை. யாரை அமர்த்துவது, ஏன் அமர்த்துவது என்பதை அந்த வேலையின் அருமை அறிந்தவளாக அவள் எடுத்துச் சொன்னாள்: வலிமையும் நம்பகமும் உடையவரே பணிக்குச் சிறந்தவர் என்பது அவள் கருத்து. தந்தை அதை ஏற்றார். வேலைக்குத் தகுதி எது என்பதற்குத் திருமறை நமக்குக் காட்டும் அளவுகோல் ஒரு பெண்ணின் வாயிலாகவே வந்திருக்கிறது. ஆண்மையும் பெண்மையும் அவ்வளவுகோலில் இடம்பெறவில்லை.

ஆக, நாம் கண்டறிந்தது இதுதான். நெருக்கடி தீர்ந்தபின் பெண் வேலையில் நீடிக்கலாம். சுமை இறங்கிற்று என்று மகிழ்ந்து விலகவும் செய்யலாம். இரண்டுக்கும் முன்மாதிரி உண்டு. அம்முடிவில் அவள் சொல் இருக்க வேண்டும்; குடும்பத்தோடு கலந்து அவள் எடுக்கும் முடிவாக அது இருக்க வேண்டும். விலகுவது வேறு, விலக்கப்படுவது வேறு.

சில ஐயங்கள்

ஆண்களே குடும்பத்தின் பொறுப்பாளர்கள் என்று நிஸா அத்தியாயம் கூறுகிறதே என்பர். உண்மை. அப்பொறுப்பு ஆணின் தோளில் வைக்கப்பட்ட செலவுக் கடமை. மனைவி சம்பாதித்தாலும் அவளுக்கு உணவும் உடையும் உறைவிடமும் அளிக்கும் கடமை கணவனை விட்டு நீங்காது. அவள் சம்பாதித்தது அவளுக்கே உரியது. அதே அத்தியாயத்தின் 32ஆம் வசனம், ஆண்கள் ஈட்டியதில் அவர்களுக்கும் பெண்கள் ஈட்டியதில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்ற கருத்தை உரைக்கிறது. இங்கிலாந்தில் மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளும் முழு உரிமை 1882ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. இந்தப் பெருமையை மேடையில் சொல்லிவிட்டு, வீட்டில் அவள் சம்பளத்தைக் கேளாமலே எடுத்துக்கொள்வோமானால் அப்பெருமைக்கு நாம் உரியவர்களல்லர்.

போரிலிருந்து திரும்பும் ஆண்மகன் எங்கே போவான் என்று கேட்பர். இது நெஞ்சில் தைக்கும் கேள்வி. உயிரைப் பணயம் வைத்துத் திரும்பியவனுக்கு, உன் வேலை உனக்கே என்று வாக்குக் கொடுத்திருந்தால், அவ்வாக்கைக் காப்பது கடமை. ஆனால் திரும்பி வந்தவனுக்கு இடம் விட வேண்டுமென்றால், திரும்பி வராதவனின் மனைவிக்கு யார் இடம் விடுவது? சயாம் பாதையில் புதைந்தவர்களின் மனைவியருக்கு நிர்ப்பந்தம் என்றைக்கு நீங்கியது? ஊருக்கு நிர்ப்பந்தம் தீர்ந்த நாளும் அவளுக்குத் தீர்ந்த நாளும் ஒன்றல்ல. ஊரின் கணக்கை வைத்து அவள் கணக்கை முடிப்பது அநீதி.

இலங்கையின் வடபுலம் இதை நம் காலத்திலேயே காட்டிவிட்டது. 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, பெரும்பாலோர் புத்தளம் பகுதியில் தஞ்சம் புகுந்தனர். சொந்த வீடும் தொழிலும் இருந்த குடும்பங்களின் பெண்கள் அங்கே பிறர் வயல்களில் கூலிக்கு இறங்கினர். 1983இல் மூண்ட போர் 2009 மே மாதம் முடிந்தபோது, மண்ணுக்குள் கண்ணிவெடிகள் எஞ்சியிருந்தன. அவற்றை அகற்றும் ஹேலோ டிரஸ்ட் போன்ற நிறுவனங்களில் தமிழ்ப் பெண்கள் பெருமளவில் பணிக்குச் சேர்ந்தனர். போரில் கணவனை இழந்தவர்களும் அவர்களில் பலர். முழங்காலிட்டு, மண்ணை விரலளவு விரலளவாகக் கிளறி, அடுத்த தலைமுறையின் கால்களைக் காக்கும் வேலை அது. போர் முடிந்த பின்னரும் இவ்வேலை தொடர்ந்தது. போர் முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போ என்று அப்பெண்களிடம் சொல்ல யாருக்கு நாவெழும்?

பெண் வேலைக்குப் போகத்தான் வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதாக எவரும் எண்ண வேண்டா. போர் பெண்ணுக்கு வாழ்வளித்தது என்று சிலர் எழுதுவதையும் நாம் ஒப்பவில்லை. போர் அவள் கணவனைக் கொன்றது, மகனைக் கொன்றது, அடுப்பை அணைத்தது. ஆலையில் எட்டு மணி நேரம் உழைத்தவள் வீடு திரும்பிச் சோறும் ஆக்கினாள். அவள் திறமை போருக்கு முன்பே அவளிடம் இருந்தது. அதைப் பார்க்க நமக்குத்தான் ஒரு பேரழிவு வேண்டியிருந்தது. நம் பக்கத்து வேலு நாச்சியார் 1772இல் கணவர் முத்து வடுகநாதரைக் காளையார்கோவில் போரில் இழந்தார். விருப்பாச்சியில் தஞ்சம் புகுந்து, ஹைதர் அலியின் படையுதவி பெற்று, 1780இல் சிவகங்கைச் சீமையை மீட்டார். மீட்ட பின் அரியணையில் அமர்ந்து ஆண்டவரும் அவரே. உதவிய ஹைதர் அலி ஒரு முஸ்லிம் மன்னர் என்பது நமக்குப் பெருமை. போர் முடிந்ததும் அந்தப்புரத்துக்குள் போகும்படி அரசியை யாரும் அனுப்பவில்லை என்பது நமக்குப் பாடம்.

நாம் செய்யத்தக்கவை

பெரும் போர்களைப் பற்றி நாம் ஒன்றும் செய்வதற்கில்லை. நம் தெருவில் செய்யத்தக்கவை உண்டு. இச்சீமைக்கு வறட்சியே ஒரு போர். சபரும் ஒரு போர். ஆண் வெளியூரில் இருக்கையில் கடையைக் காத்தவளை, அவன் திரும்பியதும் கல்லாவிலிருந்து எழுப்பிவிடுகிறோம். கணக்கில் அவள் பெயர் இருப்பதில்லை. பெண் பார்க்க வருவோர், இவள் கடையில் உட்கார்ந்தவளாமே என்று குறையாகக் கேட்கிறார்கள். பெற்றோரும் குற்றம் செய்தாற்போல் மறைக்கிறார்கள். மத்யனில் மந்தை மேய்த்தவளின் தந்தை, மகள் வேலை செய்தாள் என்பதற்காக மூஸா (அலை) அவர்களிடம் வெட்கப்பட்டதாகத் திருமறையில் இல்லை. அவள் செய்த வேலையைப் பெருமையோடு சொல்லுங்கள்.

கூலியிலும் நீதி வேண்டும். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த நூறு நாள் வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி விதிக்கப்பட்டது. தமிழகத்தில் அவ்வேலைக்கு வந்தவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பெண்கள்; மண்வெட்டியும் கூடையுமாக நின்று கண்மாய்களைத் தூர் வாரினர். தனியார் வயலிலோ ஆண்கூலி, பெண்கூலி என்று இரண்டு கூலிகள். அளவையில் குறைப்போருக்குக் கேடு என்று எச்சரித்த வேதத்தை ஓதுகிற நாம், ஒரே வரப்பில் ஒரே வெயிலில் நின்ற இருவருக்கு இரண்டு படிகளால் அளக்கலாமா?

ஜமாஅத்துப் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பெண்ணின் வேலை பற்றிய வழக்கு உங்கள் முன் வரும்போது, இது விலக்கமா, வழக்கமா என்று முதலில் கேளுங்கள். விலக்கமென்றால் சான்று காட்டுங்கள். அதற்கு நாம் எல்லோரும் கட்டுப்பட்டவர்கள். வழக்கமென்றால், அவளையும் அழைத்துக் கேளுங்கள். மூஸா (அலை) அவர்கள் கேட்ட அந்தக் கேள்வியையே கேளுங்கள்: உன் நிலை என்ன?

உழைத்தவரின் கூலியை வியர்வை உலருமுன் கொடுக்கவும், அவன் திறந்து வைத்த கதவுகளை நம் கைகளால் அடைக்காதிருக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தெளிந்த அறிவை அருள்வானாக! ஆமீன்.